சோதனைச் சாவடியில் ஒரு ஜப்பானியக் காடு

1. இன்று கடுகண்ணாவைச் சோதனைச் சாவடியில் நான் ஊமையாகவில்லை.
2. மகள் ஜப்பானிலிருந்து அனுப்பிய படக்கதைப் புத்தகம் பறிபோகவில்லை.
3. அது காடு அழியும் கதை.

பஸ்ஸில் ஏறிய சிப்பாய் என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தைப் பார்த்தார். பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். எரிந்த நகரம்.

"இது எந்த ஊர்? யார் எரித்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இறக்கிவிடுவார் என்றே நினைத்தேன். ஆனாலும் என் அரைகுறைச் சிங்களத்தில், "மாத்தயா, இது ஜப்பான் கதை. காட்டை அழித்தால் நகரமும் அழியும் என்கிறார்கள்" என்றேன். 

பக்கத்து இருக்கையில் எங்கள் தெரு மருந்துக்கடை ஹாஜியார். அவர் கைநீட்டிப் புத்தகத்தை வாங்கி என் பக்கம் திரும்பினார்.

"சேர், நாங்க ஓதுற அரபுக் கிதாபு மாதிரி இத வலத்தால தொறக்கணும். நீங்க பின்னாலருந்து பாத்திருக்கீங்க. எரிஞ்ச ஊர்தான் தொடக்கம். முடிவப் பாருங்க, ஊரெல்லாம் காடு, மானும் நிக்கிது!"

சிப்பாய்க்கும் சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் மானைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புத்தகத்தை என் மடியில் வைத்து இறங்கினார். பஸ் புறப்பட்டது. எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது, தட்டவில்லை.

ஜப்பானியப் படக்கதைகளைத் தலைகீழாக வாசித்துத் துக்கப்பட்டவர்கள் வேறு யாரும் உண்டா? என் மூன்றாவது குறிப்பு தவறு. காடு வென்றிருக்கிறது.