ஃபயர்வால் போட்ட கருடசேவை நாள்

வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்தாழ்ப்பாள் போட்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் இருக்கும். காஞ்சிபுரத்தில், புடவை டிசைனைக் கணினியில் வரைந்து அது தறியில் விழுவதற்கான துளை அட்டையை அடித்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றின் சர்வரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டது ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி. சர்வருக்குக் காவலாக ஃபயர்வால் போட வேண்டியிருந்தது. பெருமாள் கருட வாகனத்தில் வீதி வரும் கருடசேவை அன்று ஊரே தெருவில் நிற்கும், கடையில் ஈ கூட இருக்காது என்று கணக்குப் போட்டு, காலையிலேயே கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன். யாரையும் உள்ளே விடாதே என்று விதி எழுதியவன், என்னை மட்டும் விடு என்று எழுத மறந்துவிட்டேன். ஃபயர்வால் மகா விசுவாசி. முதல் வேலையாக என்னை வெளியே தள்ளியது. நிறுத்தச் சொல்லி அடித்த கட்டளை போய்ச் சேரவே இல்லை.

உடனே போன். கடையில் அட்டை அடிக்கும் அக்கா.

"இன்னாபா பண்ண? டிசைன் வரவே மாட்டேங்குது. தென்னேரிலேர்ந்து ஒருத்தர் இந்தக் கூட்டத்துல நடந்தே வந்து குந்திக்கினு இருக்காரு."

அவர் நெசவாளி. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்தவர், முதல் முறையாகத் தன் மகளின் முகூர்த்தப் புடவையை நெய்கிறார். கரைக்கான அட்டை இன்று கிடைக்காவிட்டால் கல்யாணத்துக்குள் புடவை முடியாது. பஸ்களோ ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. நான் போய்ச் சேர மாலையாகிவிடும்.

அக்காவை சர்வர் முன்னால் உட்காரச் சொன்னேன். இனி பாஸ்வேர்டைச் சொல்லியாக வேண்டும். அலுவலகமே காது கொடுக்க, நான் வைத்திருந்த பாஸ்வேர்டான 'மேதாவி'யை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக ஒப்பித்தேன்.

"அடிக்கிறேன், ஒண்ணுமே விழலையேபா!"

பாஸ்வேர்டு திரையில் தெரியாது என்பதைச் சொல்ல மறந்த மேதாவி, மறுபடி ஒப்பித்தான். மூன்றாவது தடவை பக்கத்து மேஜைக்காரர் பொறுக்காமல் போனுக்குள் கத்தினார்: "அக்கா, மேதாவியேதான், தைரியமா அடிங்க!"

அக்கா சர்வருக்குள் போய்விட்டார். நிறுத்தும் கட்டளையைச் சொன்னேன். அடித்தார்.

"டிசைன் வந்துடுச்சுபா!"

இன்றும் எந்த சர்வரில் ஃபயர்வாலைத் தொடுவதென்றாலும், அந்தப் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்காமல் என் விரல் நகர்வதில்லை.

அன்று மதியம் அந்த நெசவாளியிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று கடைக்குப் போன் போட்டேன். ஃபயர்வால் என்றால் என்ன, அது ஏன் அவசியம் என்று அக்காவிடம் விரிவாக விளக்கிவிட்டு, போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அவரு அப்பவே தறிக்குப் போயிட்டாரு, போனை வைப்பா."