ஐந்து பம்புக்கு ஒருமுறை

அந்த வயதில் எனக்குக் கேட்டு வாங்கத் தெரியாது. விடுதியில் அடுத்த அறைக்காரியிடம் ஊசி நூல் கேட்க வேண்டுமே என்று, கைப்பக்கம் பிரிந்த ரவிக்கைத் தையலை ஊக்கால் குத்திக்கொண்டு டவுன் பஸ் ஏறியவள். எனக்கு வேண்டியதெல்லாம் என் பையிலேயே இருக்க வேண்டும். குடை, டார்ச், தலைவலி மாத்திரை, எழுதாமல் போனால் மாற்ற இரண்டாவது பேனா. அதுவும் போனால் மூன்றாவது.

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், என்னோடு கல்லூரியில் படித்தவனும் நானும் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஓயாத ஹாரன். எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில். அங்கே செய்து முடித்த ஒவ்வொரு பம்பையும் மூன்று தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றின் மேல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டர்களைப் பார்த்து ஒருவர் பெரிய நோட்டில் எழுதுவார். அந்த எண்களை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இழுத்து, பம்புக்கு ஒரு தாள் அச்சடித்துத் தரும் ப்ரோகிராமை நான் எழுதினேன்.

என் சுபாவத்தையே எழுதிவைத்தேன் என்று இப்போது தெரிகிறது. ப்ரோகிராமில் தண்ணீரை அளக்க ஒரு பாகம், அழுத்தத்துக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. மூன்றும் தனித்தனியாக, ஒயர்கள் வந்து சேரும் மீட்டர் பெட்டிக்குத் தானே ஒரு வழி திறந்துகொள்ளும். யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம். அன்றைக்கு அதை அழகு என்று நினைத்தேன். மாடியறையில் ஒரு மீட்டர் பெட்டியை மேஜையில் வைத்து இரண்டு மூன்று பம்பின் கணக்கை ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கொண்டுபோய் மாட்டினோம்.

அதன் முன்னால் உட்கார்ந்தது ஒரு அக்கா. ஆறு வருஷம் பேக்கிங்கில் இருந்தவர். பம்பைத் தூக்கி மரப்பெட்டியில் இறக்கி இறக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டர் வந்த அன்று, டைப்ரைட்டிங் தெரிந்தவர்கள் யார் என்று முதலாளி கேட்டபோது, பேக்கிங் ஹாலின் கடைசியிலிருந்து ஒரு கை மேலே போனதாம். ஹையர் பாஸ். அதை அதுவரை அங்கே யாரும் கேட்டதில்லை.

இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. அந்த நிம்மதியில் நான் வேறு எங்கெங்கோ மிதந்துகொண்டிருந்தேன். அப்புறம் முதலாளி கூப்பிட்டார். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் வயலுமாக இருந்துவிட்டுப் பட்டறை போட்டவர். வெள்ளை வேட்டி, கிரீஸ் படாத சட்டை.

"பத்து நாள்ல பம்புக்குத் தர முத்திரை குடுக்கற அதிகாரி வாராருங்க அம்மணி. கண்ணு முன்னாடி இருவத்தஞ்சு பம்பு ஓட்டோணும். வரிசை நெம்பரு விடாம, ஒரே மூச்சுல. நடுவால பொட்டி நின்னுபோச்சுன்னா, அதைத் தூக்கி ஓரமா வெச்சுப்போட்டு நோட்டுக்கே போயிருவேன். வெளையாட்டு இல்லீங்க."

நோட்டுக்குப் போனால் அக்கா பேக்கிங்குக்குப் போவார். அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அன்று முழுக்க அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பம்ப் ஏறியது, இறங்கியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தில் வார்த்தைகள் நனைந்து நனைந்து வந்தன. ஐந்தாவது பம்பின் தாள் வெளியே வந்ததும், காதோர முடியை ஒதுக்குவதுபோல, அக்காவின் கை தானாகப் போய்க் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தது. பத்து எண்ணினார். திரும்பப் போட்டார்.

"என்னக்கா செய்யறீங்க?"

"ஒண்ணுமில்லீங் அம்மணி. ஆறாவது பம்புல இது அப்படியே நின்னுபோகுமுங்க. அஞ்சுக்கு ஒருக்கா அணைச்சுப்போட்டா நல்லா ஓடுது."

"எத்தனை நாளா?"

"வந்ததுல இருந்தேதானுங்க."

"ஏன் சொல்லவே இல்ல?"

அவர் சிரித்தார். "இத்தனை மெனக்கெட்டுச் செஞ்சு குடுத்திருக்கறீங்க. அதுல நொட்டை சொன்னா நல்லாவா இருக்குமுங்க?" பிறகு, ஆள் இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்து: "சொன்னா மொதலாளி காதுக்குப் போகுமுங்க. நான் மறுக்கா பெட்டி தூக்கோணும்."

கோயமுத்தூர் மரியாதையும் இடுப்பு வலியும் சேர்ந்து என் தப்பை இரண்டு மாதம் மூடிவைத்திருந்தன. ஒரு நாளைக்கு நாற்பது பம்ப் என்றால் எட்டு முறை அணைத்து, எட்டு முறை உயிர்ப்பித்திருக்கிறார்.

மாடியறைக்குத் திரும்பி ப்ரோகிராமைத் திறந்தேன். ஒரே நிமிஷத்தில் தெரிந்தது. ஒவ்வொரு பம்புக்கும் புதிதாக மூன்று பாகங்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வழியைத் திறக்கிறது. வேலை முடிந்ததும் பாகம் போய்விடுகிறது, வழி திறந்தபடி கிடக்கிறது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு சமயத்தில் பதினைந்து வழிகளுக்கு மேல் தாங்காது. ஐந்து பம்புக்குப் பதினைந்து. ஆறாவதற்கு இடமில்லை.

"ஊரெல்லாம் கதவத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கறே," என்றான் கூட்டாளி. "எல்லாத்தையும் சாத்து, முடிஞ்சுது."

சாத்திப் பார்த்தேன். அது வேறு கூத்து. மூன்று வழி எதற்கு, ஒன்று போதுமே என்று மூன்று பாகங்களையும் ஒரே வழியில் விட்டு, வேலை முடிந்தவர் சாத்தட்டும் என்றேன். தண்ணீர்ப் பாகம் முதலில் முடித்துச் சாத்திவிட்டது. அழுத்தப் பாகம் பாதி எண்ணோடு இருட்டில் நின்றது. யாரும் சாத்தாவிட்டால் நிரம்புகிறது, எல்லாரும் சாத்தினால் அறுகிறது. இரண்டு நாள் இதிலேயே போனது. அதிகாரி வர ஒரு வாரம்.

ஜன்னலோரம் நின்று காந்திபுரத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ இளகிற்று. இந்தப் பாகங்கள் எதற்காகத் தாமே திறக்க வேண்டும்? காலையில் ப்ரோகிராம் எழுந்ததும், மேலே இருக்கும் தலைப்பாகம் ஒரே ஒரு வழியைத் திறக்கட்டும். தண்ணீர்ப் பாகம் பிறக்கும்போதே, 'எனக்கு ஒரு மீட்டர் வேண்டும்' என்று வாசலில் சொல்லட்டும். தலைப்பாகம் தான் திறந்த வழியை மீட்டராக அதன் கையில் கொடுக்கும். வாங்கியவர் படிப்பார், போவார். சாத்துவது அவர் வேலை இல்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, திறந்தவரே சாத்துவார். இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் இருப்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். அன்று பெயரில்லாமல்தான் எழுதினேன்.

அதில் எதிர்பாராத ஒரு வரமும் இருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பாகத்துக்கு, கொடுப்பது உண்மையான மீட்டர்தானா என்று கவலையில்லை. மீட்டர் மாதிரியே எண் சொல்லும் ஒரு பொய் மீட்டரை எழுதி அதன் கையில் வைத்தேன். தண்ணீர் இல்லை, மோட்டார் இல்லை, மருந்துக்கடை மாடியில் ஒரு மத்தியானத்துக்குள் இருநூறு பம்ப் ஓடின. ஒருமுறைகூட நிற்கவில்லை. கூட்டாளி கீழே போய் ரெண்டு டீயோடு திரும்பி வந்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், புது ப்ரோகிராம் இருந்த ப்ளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கணபதிக்குப் போனேன். ஏற்றினேன். முதலாளி வந்து நின்றார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விசையைத் தட்ட, திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. தாள் வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. முதலாளி மீசையைத் தடவினார்.

"இதுதானுங்க வேலை. பேசாம ஓடுது பாருங்க."

நான் பூரித்துப்போய் எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அது பழக்கமும்கூட. தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் அம்மணி... மோட்டாரே இன்னும் போடலீங்களே. தண்ணி மட்டும் எங்கிருந்து வருது?"

மாடியறையின் பொய் மீட்டரை ப்ரோகிராமின் கையிலிருந்து எடுக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தேன். எனக்குக் காது வரை சுட்டது.

முதலாளியின் குரல் மாறியது. "அப்ப இது பொய் சொல்லுதுங்களா? நாளைக்கு அந்த ஆளு முன்னாடி இப்படித்தான் சொல்லுமா? தூக்குங்க இதை."

அக்கா எழுந்து நின்றார். இடுப்பில் ஒரு கை. "பொட்டி பொய் சொல்லுச்சுங்க, நெசந்தானுங்க. பாத்துச் சொல்றதுக்கு நான் இருக்கறனில்லீங்க. நோட்டுல தப்பா எழுதுனா யாருங்க சொல்லுவாங்க?"

தொட்டித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. முதலாளி அவர் பக்கம் திரும்பினார். ஆறு வருஷத்தில் அந்த அம்மா அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் டைம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை ப்ரோகிராமின் வயிற்றுக்குள் வைக்காமல், வெளியே ஒரு சின்ன லிஸ்டாக எடுத்துவைத்தேன். தொட்டி ஒன்றுக்கு இந்த மீட்டர், இரண்டுக்கு அந்த மீட்டர். யாரும் டைப் அடிக்கலாம். அக்காவுக்கு ஒருமுறை காட்டினேன். பொய் மீட்டர் என்றிருந்த வரியை அவரே அழித்து உண்மையானதை அடித்தார். ஹையர் பாஸ், ஒரு தப்பு விழவில்லை. மோட்டார் போட்டதும் தண்ணீர் சீறியது. திரையில் எண் ஏறியது, மோட்டாரை நிறுத்தியதும் இறங்கியது. ஐந்து முடிந்ததும் அவர் கை சுவிட்சுப் பக்கம் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது.

மறுநாள் இருபத்தைந்து பம்ப் ஓடின. அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்தம்மா யாரு?" என்றார்.

"டெஸ்டிங் பாக்கறவங்க," என்றார் முதலாளி.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலை, மருந்துக்கடைப் போனுக்கு எனக்கு அழைப்பு. படியிறங்கி ஓடினேன். அக்கா.

"ரெண்டாம் தொட்டி மீட்டரு புகைஞ்சு போச்சுங்க அம்மணி. லிஸ்டுல மாத்திப்போட்டேன். குழாயைத் திருப்பி மூணாம் தொட்டி மீட்டரையே ரெண்டாந் தொட்டிக்கும் குடுத்திருக்கறேன்."

"சரியா இருக்கான்னு நான் வந்து பாக்கட்டுமாக்கா?"

"எதுக்குங்க? பதினெட்டு ஓடியாச்சு. தண்ணியும் பாத்துட்டேன், திரையும் பாத்துட்டேன். சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேனுங்க." பின்னால் தண்ணீர் இரைந்தது. "அப்புறம், பேக்கிங்குல இருந்து ஒரு புள்ளையக் கூட்டியாந்து பக்கத்துல உக்கார வெச்சிருக்கறேன். நான் லீவு போட்டா ஆளு வேணுமில்லீங்க?"

அந்தப் பெண்ணுக்கு டைப் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"பத்தொம்பதாவது ஏத்தியாச்சுங்க. வெச்சறட்டுங்களா?" என்றார். நான் சரி என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.