ஸ்டெல்லாவை வழியனுப்பிய ஜெபம்

போன சனிக்கிழமை ஸ்டெல்லா குன்னூரை விட்டுக் கிளம்பினாள்.

யார் ஸ்டெல்லா? என் எதிர் குவார்ட்டர்ஸ்காரி. சர்ச் கொயரில் நான் சுருதி விலகும்போதெல்லாம் முழங்கையால் இடிப்பவள். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது எங்கள் வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தவள். அவள் கணவர் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆகிவிட்டார். இனி ஓசூரில் மகள் வீட்டோடுதான்.

எங்கள் சபையில் யார் ஊரைவிட்டுப் போனாலும் வழியனுப்பு ஜெபம் உண்டு. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, காலி வீட்டில் ஜமுக்காளம் விரித்து முழங்கால் படியிடுவோம். அதில் எழுதாத சட்டம் ஒன்று - அழக்கூடாது. அழுதால் விசுவாசம் குறைவாம்!

"ஏனுங்க டீச்சர், கண்ணத் தொடைங்க. கர்த்தர் கூடப் போறாருங்க. சிரிச்ச மொகமா அனுப்பி வெய்ங்க" என்றார் பாஸ்டரம்மா என்னிடம். நானும் ஸ்டெல்லாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சட்டம் வேதத்தில் எங்கே இருக்கிறது? எபேசு சபை மூப்பர்களிடம் பவுல் விடைபெற்றபோது என்ன நடந்தது? முழங்கால் படியிட்டு ஜெபித்தார்கள், சரி. அப்புறம்? அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் அழுதார்கள். தாவீதும் யோனத்தானும் மட்டும் என்ன... உயிர் நண்பர்கள், யுத்தம் பார்த்த ஆண்கள், பிரியும்போது தேம்பித் தேம்பி அழவில்லையா? இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதாது என்று யார் சொல்வது?

இதை அங்கேயே கேட்டிருப்பேன். அதற்குள், "டீச்சர், பிரயாணத்துக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று பாஸ்டர் என்னை மாட்டிவிட்டார்.

கண்ணை மூடினேன். சுகமான பயணம், டிரைவருக்கு நல்ல புத்தி, ஓசூரில் நல்ல சபை - எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. "எங்கள் சகோதரியை நடத்திச் செல்லும்" என்று முடிக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு.

"ஆண்டவரே, ஸ்டெல்லாவ எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. அவ இல்லாம என்னால முடியாது..."

திடுக்கிட்டு நிறுத்தினேன். ஜெபம் நின்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன பழக்கம்? வீடே அதிர "ஆமென்!"

எதற்கு ஆமென் சொன்னோம் என்று அவர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. பாஸ்டரம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. ஸ்டெல்லா முழங்காலாலேயே நகர்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏம்புள்ள... நீயும் அழுவாம இருந்தா நான் எப்படிப் போவேன்னு நெனச்சேன் தெரியுமா?" என்றாள். அப்புறம் என்ன? ஆசை தீர அழுதோம். மனசு எவ்வளவு லேசானது தெரியுமா!

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "லாரி நிக்குதுங்க. நானே இன்னொருக்கா பண்ணிப்போடறேன்" என்று முறையாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஆண்டவரும் அந்த ஜெபத்தைத்தான் கேட்டார் - லாரி கிளம்பிவிட்டது.

அதற்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆமென் சொல்லவில்லை!