கையோடு வந்த சடை

மூலக்குளத்தில் காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண் என் காதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எடது காது எப்பலேர்ந்து ஆயா இப்பிடி?"

"சினிமாவுல நடிச்சதுலேர்ந்து. ஆயான்னு கூப்பிடாத."

சிரித்தாள். நம்பவில்லை. நீயாவது நம்பு.

ஸ்பிரிட் நெடி அடித்தால் ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு மேக்கப் அறை. ஒட்டு மீசைக்கும் டோப்பாவுக்கும் தடவுகிற பசையில் அந்த நெடிதான். முத்தியால்பேட்டை மில் தொழிலாளி மகள் நான். பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டாவது படத்திலேயே கதாநாயகனுக்குத் தங்கை வேஷம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; ஆனால் வசனத்தை ஒரு தடவை கேட்டால் போதும். அழகும் இருந்தது, திமிரும் இருந்தது. அழகு போய்விட்டது.

நம் புதுச்சேரிக் கடற்கரையில்தான் படப்பிடிப்பு. கதாநாயகன் வசனத்தை மறந்து முழித்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். அது பொறுக்கவில்லை அவனுக்கு. அடுத்து, தங்கையை அறைகிற காட்சி. கை காற்றில் போகும், நாம் தலையைத் திருப்ப வேண்டும், சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள், அதுதான் வழக்கம். அவன் நிஜமாகவே அறைந்தான். காதுக்குள் சங்கு ஊதியது.

"இப்பதான் பொண்ணுக்கு நடிப்பு வருது" என்றான். என் ஊர் ஜனங்களுக்கு முன்னால்.

மறுநாள் விடிந்ததும் மயிலம் போய் மொட்டை போட்டுக்கொண்டேன்.

"அடிப்பாவி, சடையப் புடிச்சி இழுக்கிற சீன் பாக்கியிருக்கே!" என்று டைரக்டர் தலையில் கை வைத்தார்.

"முருகனுக்கு வேண்டுதல் சார்."

சாமி காரியத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? சென்னையிலிருந்து டோப்பா வந்தது. "நானே ஒட்டிக்கிறேண்ணே" என்று மேக்கப்காரரிடம் வாங்கி, பசையைப் பேருக்குத் தொட்டு வைத்தேன்.

அவன் வெறியோடு சடையைப் பிடித்து இழுத்தான். முடி மொத்தமும் கையோடு போய்விட்டது. இழுத்த வேகத்தில் மணலில் மல்லாந்து விழுந்தான். கடற்கரையே கொல்லென்று சிரித்தது.

"அண்ணே, சவுரி என்னா வெல?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டாளே, அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

அதன்பிறகு எனக்கு வேஷமே வராமல் பார்த்துக்கொண்டான். வராவிட்டால் போகட்டும். எங்கள் பக்கத்துக் கொட்டகையில் அவன் படம் எது ஓடினாலும், அவன் முகம் திரையில் வந்ததும் பெஞ்சு டிக்கெட்டிலிருந்து "டேய் சவுரி!" என்று குரல் எழும்பும். தங்கச்சியைப் பார்த்து அழுகிற கட்டத்தில்கூட விடமாட்டார்கள்.

அந்தக் கொட்டகை இப்போது கார் நிறுத்துகிற இடம். பெஞ்சும் இல்லை, கத்தினவர்களும் இல்லை. அவனும் போய்ச் சேர்ந்தான். மத்தியானங்களில் டிவியில் வருகிறான், பெரிய நடிகன் மாதிரி. கத்துவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம். ஒருநாளும் விட்டதில்லை.