யாரைக் கூலி என்றாய்?

தமிழ்ச்செல்வி அவனியாபுரத்தில் சொந்தக் கார் வைத்து ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறாள். பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். பசுமலையில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தாள். அங்கே கற்ற இங்கிலீஷ்தான் இன்றைக்குச் சோறு போடுகிறது. கணவர் இறந்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள், மகள் பவதாரிணியைக் காலேஜ் வரை கொண்டுவந்துவிட்டாள்.

ஒரு கார்த்திகை மாதம் அவள் காரில் எஸ்தர் என்ற அம்மாள் ஏறினார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம். ரிட்டயரான நர்ஸ். அவருடைய கொள்ளுத் தாத்தா இந்தக் கல்லுப்பட்டிப் பக்கமிருந்துதான் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார் என்று வீட்டில் பேச்சு. அந்த ஊரைப் பார்க்க வேண்டும். தமிழில் தண்ணி, புளி, சாமி என்று சில சொற்கள்தான் தெரியும். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

திருமங்கலம் தாண்டியதும் தம்பி சோலை போன் செய்தான். அம்மா பெயரில் இப்போது கொஞ்சம் நிலம் இருக்கிறது. பருத்திக்குக் களையெடுப்பு.

"அக்கா, ஆளுக வந்துட்டாக. கூலி கூட்டிக் கேக்குறாக."

"கேட்ட கூலியக் குடுடா. நம்ம அம்மாவும் கூலிக்குப் போனவதான. நான் அந்தப் பக்கந்தான் வாரேன்."

போனை வைத்ததும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வண்டியை நிறுத்து."

எஸ்தர் பையோடு இறங்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது. "யாரைக் கூலி என்றாய்? என்னைப் பற்றித்தானே பேசினாய்?"

தமிழ்ச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. களையெடுப்பு, தம்பி, சம்பளம் என்று முழுவதையும் இங்கிலீஷில் சொன்னாள். எஸ்தர் உடனே நம்பவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கட்டுப் போடப் போனேன். 'கூலி கை என்மேல் படக்கூடாது' என்று தட்டிவிட்டாள். எங்கள் ஊரில் அது இந்தியர்களைத் திட்டும் வசவு. அதைச் சொல்லித்தான் எங்களை அடித்தார்கள்."

தமிழ்ச்செல்வி அவர் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு சொன்னாள்: "எங்க பள்ளிக்கூடத்துலயும் 'கூலிக்காரப் பிள்ளைக எந்திரி'ன்னு சொல்லுவாங்க மேடம். எனக்கும் கூச்சமாத்தான் இருக்கும். ஆனா கூலிங்கிறது ஆள் இல்ல. ஆள் வாங்குற காசு. உங்க ஊர்ல காச விட்டுட்டு ஆளையே கூலின்னு ஆக்கிட்டாங்க."

எஸ்தர் திரும்ப வண்டியில் ஏறினார். தமிழ்ச்செல்வி நேரே அம்மாவின் பருத்திக் காட்டுக்கு வண்டியை விட்டாள்.

காட்டில் வேலை முடிந்திருந்தது. சோலை பணம் கொடுக்க, ராமக்காள் என்ற அம்மாள் வாங்கி முந்தியில் முடிந்தாள். "அது என்னவென்று அவரைக் கேள்" என்றார் எஸ்தர்.

தமிழ்ச்செல்வி கேட்டாள். ராமக்காள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னத்தா கேள்வி இது? கூலி. வெயில்ல நின்னதுக்கு."

எஸ்தர் அந்தச் சொல்லை மெதுவாகத் தன் வாயால் சொல்லிப் பார்த்தார்.

கொள்ளுத் தாத்தாவின் ஊர் கடைசிவரை பிடிபடவில்லை. மறுநாள் பவதாரிணி போனில் தேடி இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். அந்தச் சொல் இங்கிலீஷுக்குத் தமிழிலிருந்துதான் போனது என்கிறார்கள் சிலர். குஜராத்துக் கோலி மக்களின் பெயர் என்கிறார்கள் சிலர். துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் 'குல்' என்பதும் ஒரு கட்சி. சீனத்தில் அதே ஓசையைக் கசப்பு, பலம் என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்களாம். "கசப்பும் பலமும். அது சரியாக இருக்கிறது" என்றார் எஸ்தர்.

இப்போதும் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். தமிழ்ச் சொல்லின் பொருளைத் தன் தங்கையிடம் சொன்னாராம் எஸ்தர். "அர்த்தம் எதுவாக இருந்தாலும் என் வீட்டில் அந்தச் சொல் வேண்டாம்" என்றாளாம் தங்கை.

தமிழ்ச்செல்வி வாதாடவில்லை. "வேண்டாம்னா விட்டுருங்க மேடம். அவுகளும் பட்டவுகதான" என்றாள்.