தாய்மாமன் நாற்காலி

மகன் யூ-டிங்குக்குப் பெண் பேசி முடித்துப் பெண் வீட்டார் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்கள். அதற்குள் மாமியார் அ-கிம் லியூவைப் பிடித்துக்கொண்டாள்.

“பந்தியில தாய்மாமன் நாற்காலியில யாரை உக்கார வைக்கப்போறே?”

லியூ கடை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“எங்கண்ணன் வருவான், அத்தை.”

“எந்த அண்ணன்? பேச்சுவார்த்தையே அத்துப்போன அண்ணனா? அவன் வந்து சாப்பாட்டுக் குச்சியெடுத்து முதல் வாய் வச்சப்புறம்தான் ஊர் சாப்பிடணும்னா, எல்லாரும் பட்டினியா வீடு போய்ச் சேரவேண்டியதுதான். எந்தம்பி மகன் போ-லாய் இருக்கான். ஆளும் வாட்டசாட்டமா இருப்பான். அவனை உக்கார வச்சிடலாம்.”

“வேணாம். அண்ணன் வரலேன்னா நாற்காலி சும்மாவே கிடக்கட்டும். கிண்ணமும் குச்சியும் மட்டும் வச்சிடலாம்.”

“அடிப்பாவி! ஆளில்லாத நாற்காலிக்குக் கிண்ணம் வைக்கறது செத்தவங்களுக்குடி!”

டோங்காங் துறைமுகத்தில் லியூவைத் தெரியாதவர்கள் இல்லை. வியட்நாமில் கா மாவ் பக்கத்துக்காரி. தரகர் பேசி, படகுக்காரன் சிங்-ஹாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கு அப்படி வந்தவள் சிங்-ஹாயின் பெரியப்பா மருமகள். அவள் வந்த வருஷமே தலைநகர் தைப்பேக்கு ஓடிப்போனாள். இவளும் ஓடிவிடுவாள் என்று பயந்து, அ-கிம் ஆறு மாசம் இவள் செருப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். லியூ வெறுங்காலோடு மீன் ஏலக் கூடத்துக்குப் போய் நம்ம பேச்சைக் கற்றுக்கொண்டாள். முதலில் வந்ததெல்லாம் வசவுதான்.

சிங்-ஹாய் சூரை மீனுக்குப் போனால் மாசக்கணக்கில் திரும்பமாட்டான். அவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஏலக் கூடத்துக்குப் பின்னால் ஒரு நூடுல்ஸ் கடை போட்டாள். மாட்டெலும்பைக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு, மேலே அவள் ஊர்ப் பச்சிலை. முதலில் அவள் நாட்டுப் படகுக்காரர்கள்தான் வந்தார்கள். இலை நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போன நம்ம ஆட்கள், பிறகு அந்த இலையை இன்னும் கொஞ்சம் போடு என்று கிண்ணத்தை நீட்டினார்கள்.

யூ-டிங் பிறந்து மாசம் நிறையாத சமயத்தில் கா மாவில் லியூவின் அப்பா இறந்துபோனார். பிள்ளை பெற்றவள் மாசம் முடியாமல் வாசல்படி தாண்டினால் ஆயுசுக்கும் எலும்பில் காற்றேறும் என்று அ-கிம் குறுக்கே படுக்காத குறைதான். அண்ணன் ஃபாத்துக்கு இதெல்லாம் ஏறவில்லை. “அப்பன் முகத்தைப் பார்க்க வராதவளுக்கு அண்ணன் எதுக்கு?” என்று போனை வைத்தவன், பிறகு எடுக்கவே இல்லை.

அந்த அண்ணன்தான் வந்து உட்காரவேண்டும். அவன் வராவிட்டால் இத்தனை வருஷமும் மாமியார் சொன்னது, பிறந்த வீடில்லாதவள் என்பது, ஊர் முன்னால் உண்மையாகிவிடும். அண்ணிக்குப் போன் போட்டுப் போட்டு லியூவுக்குக் காதே சூடாகிப்போனது.

“விசா வாங்கி வச்சிருக்காரும்மா,” என்றாள் அண்ணி. “ஆனா வருவாரான்னு எங்கிட்டக் கேக்காதே. குட்டையில வளர்ப்பு இறால் இருக்கு, தண்ணி பாக்கணும்னே சொல்லிட்டிருக்காரு.”

கல்யாணத்தன்று காலையில் சாறு இரண்டு தரம் பொங்கி அடுப்பை அணைத்தது. தெருவை அடைத்துக் கூடாரம் போட்டாயிற்று, வட்ட மேசைகள் போட்டாயிற்று. லியூ ஒவ்வொரு வாடகைக் காருக்கும் ஓடி ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். போ-லாய் புதுச் சட்டையில் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று தலை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

ஃபாத் வந்தான். இரவல் கோட்டு, கையில் இறால் கருவாட்டுப் பை. தலை நரைத்திருந்தது. “வந்துட்டேன்,” என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சிங்-ஹாயின் பங்காளிகள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தலை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். லியூ கடைக்குள் போய்க் கழுவிய கிண்ணங்களையே திரும்பக் கழுவினாள். வெளியே வெடி வெடித்தது. வெடி ஓய்ந்து வெகுநேரமாகியும் பந்தியில் கிண்ணச் சத்தம் கேட்கவில்லை.

சிங்-ஹாய் ஓடி வந்தான். “உங்கண்ணன் குச்சியைத் தொடமாட்டேங்கறாரு. தலையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாரு. சூப்பு ஆறுதுன்னு சமையக்காரன் கத்தறான். அம்மா போ-லாயைக் கூப்பிடறாங்க. சீக்கிரம் வா!”

லியூ கிண்ணத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். இதற்குத்தான் வந்தானா? இத்தனை பேர் முன்னால் என் சோற்றை ஒதுக்கி அப்பாவுக்காகப் பழி தீர்க்கவா? ஈரக் கையோடு கூடாரத்துக்குள் போனாள். ஜனம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அ-கிம்முக்கு எதிரே ஃபாத் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

அவன் காதருகே குனிந்து தங்கள் பாஷையில் சொன்னாள். “அண்ணா, எம்மேல கோபம்னா அப்புறமா வச்சுத் திட்டு. இப்ப ஒரு வாய் எடு.”

“கோபமா?” ஃபாத் விழித்தான். “பெரியவங்க தொடாம நான் எப்படித் தொடறது? இந்தம்மா வயசென்ன, என் வயசென்ன? சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு எத்தனை தரம் கும்பிட்டுட்டேன். இவங்க பதிலுக்கு என்னைக் கும்பிடறாங்க. இன்னிக்கு இந்த ஊருக்கே விரதமா?”

லியூவுக்குச் சிரிப்பு வந்தது. “இங்க தாய்மாமன்தான் முதல்ல சாப்பிடணும். இன்னிக்கு நீதான் பெரியவன்.”

“இந்தம்மாவை விடவா?”

“ஆமா.”

“அப்ப நான் சொன்னா நடக்குமா?”

“நடக்கும்ணா, குச்சியை எடு!”

“உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு. எம்பக்கத்துல.” அவன் குரல் தணிந்தது. “அப்பா காரியத்துல உனக்குன்னு எடுத்து வச்ச துக்கத் துணி கட்டிக்க ஆளில்லாமக் கிடந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வயிறெரிஞ்சுது. இன்னிக்காவது உக்காரு.”

அதை அவளே மாமியாருக்கு நம்ம பேச்சில் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. “அத்தை... அண்ணன் எனக்கு நாற்காலி கேக்கறான்.”

அ-கிம் அவளைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். “மாமன் சொன்னா போடத்தானே வேணும்? டேய் போ-லாய், மரமாட்டம் நிக்காதே, ஒரு நாற்காலி எடுத்துட்டு வா!”

லியூ ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபாத் குச்சியை எடுத்தான். கூடாரம் முழுக்கக் கிண்ணங்கள் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன. அவளுக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. அடுப்படியில் யார் நிற்கிறார்களோ என்று பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள்.

“எப்பண்ணா கிளம்பறே?”

“நாளைக்குக் காலையில. குட்டையில தண்ணி பாக்கணுமே.”

“நாளைக்கேவா?”

தட்டில் வெந்த இறால் வந்தது. லியூ மளமளவென்று உரித்து அவன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“மெதுவா உரி. தின்னு முடிக்கணுமில்ல?” என்றான் ஃபாத்.

அவள் கை மெதுவாகவில்லை.