சாமிக்கு இடப்பக்கம்

இடது காது ஒரு காலையில் நின்றுபோனது. வலியில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன், உலகத்தின் ஒரு பாதிக் கதவை யாரோ இழுத்துச் சாத்தினார்கள். கண்டி டாக்டர் மாத்திரை தந்தார். அது தீர்வதற்குள் ஏதாவது கேட்கத் தொடங்கினால் நம்பலாம், இல்லாவிட்டால் இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி மட்டும் பழையபடி என் இடப்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசினாள். இடம் மாற மறுத்தாள்.

தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் சோதனைக் குரலை ஓட விடுவேன். ஒரு பெண் ‘லெஃப்ட்’ என்பாள், பிறகு ‘ரைட்’. முதலாவது எனக்குக் கேட்காது, காதில் வெறும் பஞ்சு.

கடைசி மாத்திரையன்று ஹெட்போன் ஒயர் பிளக்கடியில் அறுந்தது. எல்கடுவைக் கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் செட் கட்டுகிற மனைவியின் தம்பி, கருவிப் பெட்டியோடு வந்தான். ஹெட்போனில் L, R எழுத்துகள் அழிந்திருந்தன. பிசகிவிடக்கூடாதென்று, நான் மாட்டுகிற மாதிரியே, பஞ்சுறை கிழிந்த பக்கம் இடப்பக்கம் வர, அவன் கழுத்தில் நானே போட்டுவிட்டேன். அப்படியே ஈயம் வைத்து ஒட்டினான்.

மாட்டினேன்.

‘லெஃப்ட்.’

கேட்டது. தெளிவாக. என் கை தானாக உயர்ந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பாத்தீங்களா மச்சான், டாக்டருக்குக் குடுத்த ஃபீஸ எனக்குக் குடுத்திருக்கலாம்” என்றான் தம்பி.

அடுத்த குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி ஓட்டினேன். ‘லெஃப்ட்’, பிறகு பஞ்சு. ஒன்று திரும்பி வந்து மற்றது போய்விட்டதா? ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தத்தின் திசை தெரியாது. எந்தக் காதால் கேட்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. வீட்டின் பின்புறம் போனேன். மலையிலிருந்து பீலிக் குழாய் வழியே இறங்கும் தண்ணீர் கல்லில் மோதி இரைந்துகொண்டிருந்தது. வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

தண்ணீர் விழுந்தது. சத்தம் விழவில்லை.

உள்ளே வந்து, எந்தப் பக்கத்தை லெஃப்ட் என்று ஒட்டினாய் என்று கேட்டேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவன், வலது கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினான்.

“எங்களுக்குச் சாமி பாக்குற பக்கம்தானே மச்சான் கணக்கு. நம்ம வலது, சாமிக்கு இடது. ஸ்பீக்கர் பொக்ஸ் வைக்கிறப்போ அப்படித்தான் சொல்லுவோம். கைப்பழக்கம்.”

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “இன்னைக்கு ஒரு நாளைக்கு அப்படியே இருக்கட்டுமே, நாளைக்கு மாத்திக்கலாங்க” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவளுக்காக இணங்கியிருப்பேன். ஆனால் அந்தப் பொய்யை இன்னொரு முறை கேட்டால் நம்பிவிடுவேன் என்று பயமாயிருந்தது. ஹெட்போனைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் இந்த முறை பகடி பேசவில்லை. ஈயப்புகை எழுந்து ஜன்னல்பக்கம் போனது.

மாட்டினேன். குரல் ஓடத் தொடங்கியது திரையில் தெரிந்தது. பஞ்சு. பிறகு, ‘ரைட்.’

தலையை மட்டும் அசைத்தேன். மனைவி எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிவந்து என் வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.